கம்ப்யூட்டர் கேள்வி பதில்: ஐசி நம்பர் எக்ஸெல்ல மாறிப்போச்சு, என்ன செய்றது?

கேள்வி: சிஸ்டத்துல இருந்து மாணவர் லிஸ்ட் டவுன்லோட் பண்ணி எக்ஸெல்ல திறந்தா ஐசி (மலேசிய அடையாள அட்டை) நம்பர் வரிசை முழுக்க 1.50412இ+11னு வருது. அப்பா அம்மா போன் நம்பர்ல முன்னால இருக்குற 0 காணோம். வரிசையை இழுத்து அகலப்படுத்தியும் சரியாகல. பிள்ளைங்க விவரம் போயிடுச்சா?
(பள்ளி கிராணி, பட்டர்வொர்த்)

பதில்: போகல, ஆனா இப்ப நீங்க சேவ் பட்டனை அமுக்கிட்டா போயிடும், அதனால முதல்ல சேவ் பண்ணாம அந்த ஃபைலை மூடிடுங்க. நடந்தது என்னன்னா, டவுன்லோட் ஆன சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளி போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்துப் பட்டியல்) டபுள் கிளிக் பண்ணித் திறந்தா எக்ஸெல் அதுல இருக்குற எல்லா எண்ணையும் கூட்டிக் கழிக்கிற எண்ணுன்னு நினைச்சுக்குது. 11 இலக்கம் வரைக்கும் முழுசா காட்டும், நம்ம ஐசி நம்பர் 12 இலக்கம், அதனால சுருக்கிடும். போன் நம்பர்ல முன்னால வர்ற 0க்கு மதிப்பு இல்லைன்னு தூக்கிடும்.

திரைல சுருங்கித் தெரியுற வரைக்கும் உள்ள 12 இலக்கமும் பத்திரமாத்தான் இருக்கும். ஆனா சிஎஸ்வியாவே சேவ் பண்ணீங்கன்னா திரைல என்ன தெரியுதோ அதையே எழுதி வெச்சிடும், அடுத்த தடவை திறந்து விரிச்சுப் பார்த்தா 150412க்கு அப்புறம் வெறும் சைபரா இருக்கும். 2015 ஏப்ரல் 12ல பிறந்த பிள்ளைங்க எத்தனை பேர் இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே நம்பர், வீட்டுல இரட்டைப் பிள்ளைங்கன்னா ரெண்டு பேரும் ஒரே ஆளாயிடுவாங்க. அதைக் கொண்டுபோய் புத்தகக் கடன் லிஸ்ட்லயோ உதவித்தொகை லிஸ்ட்லயோ ஒட்டினா யாருக்கு என்ன கிடைச்சுதுன்னு பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

சரியான வழி இதுதான். எக்ஸெல்ல காலியான ஷீட் ஒண்ணு திறந்து மேல 'டேட்டா' டேப்ல 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' அமுக்கி ஃபைலைக் காட்டுங்க, முன்னோட்டம் ஒண்ணு வரும், அதுல 'டேட்டா டைப் டிடெக்‌ஷன்'னு இருக்குற இடத்துல 'டூ நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' தேர்வு பண்ணிட்டு 'லோட்' குடுங்க. தலைப்பு வரி சாதாரண வரி மாதிரி கீழ இறங்கி வரலாம், அது பரவாயில்ல. நம்பர் எல்லாம் எழுத்தா வந்து உக்காரும், 0வும் இருக்கும். அதுக்கப்புறம் எக்ஸெல் ஃபைலாவே சேவ் பண்ணுங்க. கூகிள் ஷீட்ஸ்ல கையால டைப் பண்றவங்க, டைப் பண்றதுக்கு முன்னாலயே 'ஃபார்மேட்'ல 'நம்பர்'ல 'ப்ளெய்ன் டெக்ஸ்ட்' வெச்சிடுங்க, பின்னால வெச்சா போன 0 திரும்ப வராது.

இன்னொண்ணு, லிஸ்ட் சரியான்னு பார்க்க ஐசி நம்பரே உதவும். முதல் 6 இலக்கம் பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த இடம் (07 பினாங்கு, 14 கோலாலம்பூர், 10 சிலாங்கூர், இப்படி), கடைசி இலக்கம் ஒற்றைப்படைன்னா பையன், இரட்டைப்படைன்னா பொண்ணு. பக்கத்துல ஒரு வரிசை போட்டு எத்தனை இலக்கம்னு எண்ணுற 'லென்' ஃபார்முலால 12 வருதான்னு பாருங்க, பாலினம் வரிசையோட கடைசி இலக்கத்தை ஒத்துப் பாருங்க. தப்பா அடிச்ச நம்பர் நிறைய இதுலயே மாட்டிக்கும்.

கேள்வி: வகுப்பு லிஸ்டையும் மதிப்பெண் லிஸ்டையும் விலுக்கப் (ஒரு லிஸ்ட்ல தேடி இன்னொண்ணுல கொண்டுவர்ற எக்ஸெல் ஃபார்முலா) போட்டு சேர்த்தா பாதி பிள்ளைங்களுக்கு 'என்/ஏ', அதாவது கிடைக்கலைன்னு வருது. பேரு ரெண்டுலயும் ஒண்ணாத்தான் தெரியுது சார்.
(வகுப்பாசிரியை, செந்தூல்)

பதில்: டீச்சர், பேரை வெச்சு சேர்க்காதீங்க. நம்ம பிள்ளைங்க பேர்ல 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) வருதே, ஒருத்தர் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விட்டு அடிப்பாங்க, இன்னொருத்தர் ஒட்டி அடிப்பாங்க, வேற ஒருத்தர் கோடே போடமாட்டாங்க. கண்ணுக்கு எல்லாம் ஒண்ணு, எக்ஸெலுக்கு மூணும் வேற வேற ஆளு. பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தை விலுக்கப் கண்டுக்காது, ஸ்பேஸை விடவே விடாது. 'ட்ரிம்' போட்டா கூடுதல் ஸ்பேஸ் போகும், ஆனா இணையப் பக்கத்துல இருந்து காப்பி பண்ணின பேர்ல வேற வகை ஸ்பேஸ் ஒண்ணு ஒளிஞ்சிருக்கும், அதோட குறியீடு 160, அதை 'ட்ரிம்' தொடாது. 'சப்ஸ்டிட்யூட்' ஃபார்முலால 'சார்(160)'ஐ சாதாரண ஸ்பேஸா மாத்திட்டு அப்புறம் 'ட்ரிம்' பண்ணணும்.

இவ்வளவு பாடு எதுக்கு, ஐசி நம்பரை வெச்சே சேருங்க. அதுலயும் ரெண்டு விஷயம் கவனிக்கணும். ஒரு லிஸ்ட்ல கோடு போட்டு இருக்கும் இன்னொண்ணுல கோடு இல்லாம இருக்கும், கோட்டை 'சப்ஸ்டிட்யூட்' பண்ணி எடுத்துடுங்க. ஒரு லிஸ்ட்ல எழுத்தாவும் இன்னொண்ணுல எண்ணாவும் இருந்தா ஒரே நம்பரா இருந்தாலும் சேராது, ரெண்டையும் எழுத்தாக்கிடுங்க. விலுக்கப் கடைசில 'ஃபால்ஸ்' போட மறக்காதீங்க, விட்டுட்டீங்கன்னா கிட்டத்தட்ட பொருந்துற வேற பிள்ளையோட மார்க்கைக் கொண்டுவந்து வெச்சிடும், அது 'என்/ஏ'வை விட மோசம், ஏன்னா தப்புன்னு தெரியவே தெரியாது.

பேரு எழுத்துப்பிழையா தெரிஞ்சா நீங்களா திருத்தாதீங்க. பிறப்புப் பத்திரத்துல 'எச்' இல்லாம இருந்தா சிஸ்டத்துலயும் 'எச்' இல்லாமத்தான் இருக்கணும், அந்தப் பேர்தான் பின்னால எஸ்பிஎம் பரீட்சை வரைக்கும் பிள்ளை கூடவே போகும். மாத்தணும்னா அப்பா அம்மா தேசியப் பதிவிலாகாவுல மாத்திட்டு வரட்டும். அப்புறம் ஃபைலுக்குப் பிள்ளை பேரையே வெக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை, விண்டோஸ்ல ஃபைல் பேர்ல அந்தச் சாய்கோடு ஏறாது, வகுப்பும் வருகைப் பதிவு எண்ணும் போட்டா போதும். ஐசி நம்பரை ஃபைல் பேரா வெக்காதீங்க.

கேள்வி: எங்க ஆசிரியர் வாட்சப் குரூப்புல முழு வகுப்பு லிஸ்டையும் ஐசி, வீட்டு முகவரி, அப்பா சம்பளத்தோட போடுறாங்க. இது சரியா?
(ஆசிரியர், நிபோங் திபால்)

பதில்: சரியில்ல சார். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்துக்குப் பொருந்தாதுன்னு அந்தச் சட்டத்துலயே இருக்கு, அதை வெச்சு "நமக்கு இல்லைப்பா"ன்னு சிலர் சொல்லலாம். தனியார் பள்ளிக்கும் டியூஷன் சென்டருக்கும் கட்டாயம் பொருந்தும். ஆனா சட்டத்தை விடுங்க, ஒரு பிள்ளையோட ஐசி நம்பர் ஆயுசுக்கும் மாறாது, பாஸ்வேர்ட் மாதிரி நாளைக்கு மாத்திக்க முடியாது. அந்த வீட்டுச் சம்பளத்தை நம்மள நம்பித்தான் எழுதிக் குடுத்தாங்க. குரூப்புல போட்ட ஃபைல் எல்லார் போன்லயும் இறங்கி உக்காந்துடும், மாறிப் போன ஆசிரியர் போன்லயும்தான்.

இன்னைக்கே போட்டிருந்தா 'எல்லாருக்கும் அழி' குடுங்க, ரெண்டு நாளைக்கு மேல கொஞ்சம் வரைக்கும்தான் அது வேலை செய்யும், டவுன்லோட் பண்ணினவங்களை நேர்ல கேட்டு அழிக்கச் சொல்லுங்க. இனிமே கல்வி அமைச்சு குடுத்த டெலிமா கணக்குல இருக்குற கூகிள் டிரைவ்ல வெச்சு, பேர் குறிப்பிட்ட ஆசிரியர்களுக்கு மட்டும் அனுமதி குடுங்க, 'லிங்க் இருக்குற யாரும் பார்க்கலாம்'ங்கிறதைத் தொடவே தொடாதீங்க. பஸ் லிஸ்டுக்கு சம்பளம் எதுக்கு? தேவையான வரிசையை மட்டும் வெச்சுட்டு மத்ததை அழிச்சுட்டு அனுப்புங்க. மறைச்சு வெச்சா போதாது, 'அன்ஹைட்' குடுத்தா எல்லாம் வெளிய வந்துடும்.

கேள்வி: மாறிப் போன ஆசிரியர் எல்லா ஃபைலையும் தன் சொந்த ஜிமெயில்ல வெச்சிருந்தாரு. இப்ப எங்க கையில ஒண்ணும் இல்ல.
(துணைத் தலைமையாசிரியர், கோலாலம்பூர்)

பதில்: அவரைக் கூப்பிட்டுக் கேளுங்க, நல்லபடியா கேட்டா குடுப்பாரு, குடுத்ததும் அவர் பக்கத்துல அழிக்கவும் சொல்லுங்க. இனிமே பள்ளிக்குன்னு ஒரு ஷேர்ட் டிரைவ் கேட்டு வாங்குங்க, அதுல போட்ட ஃபைல் ஆளுக்குச் சொந்தமா இருக்காது, பள்ளிக்குத்தான் சொந்தம், யார் மாறினாலும் அங்கயே இருக்கும். ஃபைல் பேர்ல தேதியை வருஷம், மாசம், நாள்னு போட்டா தானா வரிசையா நிக்கும்.

கேள்வி: என் வகுப்புல ஒரு பிள்ளைக்கு மைகிட் (சின்னப் பிள்ளைங்க அடையாள அட்டை) இல்ல, பிறப்புப் பத்திரத்துலயும் சிக்கல். ஐசி நம்பர் போடாம ஃபார்ம் நகர மாட்டேங்குது. "ஏதாவது 12 நம்பர் போட்டு விடுங்க"ன்னு சொல்றாங்க.
(ஆசிரியை, பிறை)

பதில்: போடாதீங்க டீச்சர், யார் சொன்னாலும் போடாதீங்க. நீங்க அடிக்கிற 12 இலக்கம் எங்கயோ இருக்குற இன்னொரு பிள்ளையோட நம்பரா இருக்கலாம், அப்படி ஆச்சுன்னா ரெண்டு பிள்ளைங்க பதிவும் கலந்துடும். அதை விட, பொய் நம்பர் ஏறிட்டா சிஸ்டத்துல பார்க்குறவங்களுக்கு இந்தப் பிள்ளைக்கு எல்லாம் சரியா இருக்குற மாதிரி தெரியும், உதவி தேவைன்னு யாருக்கும் தெரியாமலே போயிடும். தலைமையாசிரியர் மூலமா மாவட்டக் கல்வி இலாகாவைக் கேளுங்க, பத்திரம் இல்லாத பிள்ளையை எப்படிப் பதியணும்னு அவங்கதான் சொல்லணும், பதிலை எழுத்துல வாங்கி வெச்சுக்குங்க. அதுவரைக்கும் வருகை, மார்க், தடுப்பூசி எல்லாத்தையும் ஒரு ஷீட்ல தேதியோட நீங்களே எழுதி வெச்சு தலைமையாசிரியர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. அந்த வீட்டுக்காரங்க தேசியப் பதிவிலாகாவுக்குப் போகும்போது, பிள்ளை இத்தனை காலமா இந்தப் பள்ளியில படிக்குதுன்னு காட்ட அந்தத் தாள் கையில இருக்கட்டும்.