எழுந்து நிற்பதே முதல் பயிற்சி

கேள்வி: என் மாமியாருக்கு வயது 76. 5 வாரங்களுக்கு முன்பு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. இயல்பிலேயே ஒல்லியான உடம்பு. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகிறார். தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பினார்கள். ஐந்து நிமிடத்திலேயே கால்கள் நடுங்குகின்றன. மூன்று மாதம் படுத்தே இருக்கட்டும் என்கிறார் என் கணவர். பிசியோதெரபி மையம் வெகு தொலைவு. வீட்டிலேயே என்ன செய்யலாம்?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் கணவரின் அச்சம் இயல்பானதுதான், மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தியிருந்த நாட்களில், பாஸ்டன் நகர மருத்துவர்களான சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்து, அதனால் கேடு நேரவில்லை என்று 1952-இல் எழுதினார்கள். முதியவர்களின் தசை படுக்கையில் வெகு விரைவாகக் கரைந்துவிடும். அதை மீட்பதற்குத்தான் மாதங்கள் பிடிக்கும்.

அரை மணி நேர நடை தவறான அறிவுரை அன்று. ஆனால் அது கால்களில் வலு உள்ளவர்களுக்கானது. உங்கள் மாமியாரிடம் இப்போது குறைவாக இருப்பது தொடைவலுவும் நிலைதடுமாறாமல் நிற்கும் திறனும். ஆகவே, அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தொடங்குங்கள். கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். இருக்கையில் போர்வையை மடித்துப் போட்டு உயர்த்தினால் எழுவது எளிது. பாதங்களைச் சற்றே பின்னுக்கு இழுத்து, உடலை முன்னால் சாய்த்து, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. காலையும் மாலையும் மும்முறை போதும். பத்து முறை சிரமமின்றி வந்ததும் போர்வையை எடுத்துவிடலாம். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்கட்டும். அருகில் ஒருவர் நிற்பது கட்டாயம்.

நடையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். மூன்று நிமிட நடையாக ஒரு நாளில் ஐந்தாறு முறை வீட்டுக்குள் நடந்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டினால் போதும்.

அறுவை சிகிச்சையில் பிளந்து கட்டிய நெஞ்செலும்பு நன்கு ஒன்றுசேர 8 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்குவதோ, கைகளை அழுத்தி ஊன்றி எழுவதோ கூடாது. பாசத்தோடு கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறோமே, அதுவும் கூடாது; இடுப்பைத் தாங்கி உதவுங்கள். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று: பல வீடுகளில் இதய நோயாளிக்குக் கஞ்சியும் ரொட்டியும்தான். பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம் இல்லாமல் எந்தப் பயிற்சியும் தசையை வளர்க்காது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தந்தைக்கு, எவ்வளவு நடந்தாலும் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறுவதில்லை. இன்னும் வேகமாக நடக்கச் சொல்லலாமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை அடக்கி வைக்கும். அவர் அதை உட்கொள்கிறாரா என்று பாருங்கள். உட்கொண்டால், துடிப்பின் எண்ணிக்கை உழைப்பின் அளவைக் காட்டாது. நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி; வார்த்தைகளுக்கிடையே மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். தலைசுற்றலோ படபடப்போ வந்தால் உட்காரவையுங்கள். நெஞ்சுவலி, ஓய்விலும் அடங்காத மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழையுங்கள். இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினாலும், தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்தாலும், அசையும்போது நெஞ்செலும்பில் 'கிளிக்' என்று சத்தம் கேட்டாலும், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.