சிறுவயதில் தயங்காமல் வரைந்த கை, வளர்ந்தபின் ஏன் தயங்குகிறது?

"ஏழு வயதில் சுவரெல்லாம் கிறுக்கிய நான், இன்று வெள்ளைத்தாளைக் கண்டாலே தயங்குகிறேன், அந்தத் துணிவு திரும்புமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பும். ஆனால், இதைத் திறமைக் குறைவாக எண்ணி உடனே ஓவிய வகுப்பில் சேர வேண்டாம் என்பது என் கருத்து.

ஏறத்தாழ ஒன்பது, பத்து வயதில், பொருள்களை உள்ளபடியே வரைய வேண்டும் என்ற விருப்பம் குழந்தைகளிடம் எழுகிறது; கண்ணின் மதிப்பீடு கையின் தேர்ச்சியை முந்திவிடுவதால், வரைந்தது பிடிக்காமல் போய், பலர் அப்போதே பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். ஆகவே நீங்கள் இழந்தது கற்பனையை அன்று. தனக்குத் தானே மதிப்பெண் போடாமல் வரையும் பழக்கத்தை.

ஓவியர் பவுல் கிளே, முறையான ஓவியக் கல்வி பெற்றபின், 1902இல் தம் சிறுவயதுப் படங்களைக் கண்டெடுத்து, அதுவரை தாம் வரைந்தவற்றுள் அவையே முக்கியமானவை என்று வருங்கால மனைவிக்குக் கடிதம் எழுதினார்; 1911இல் தம் படைப்புகளைப் பட்டியலிடத் தொடங்கியபோது, அவற்றில் சிலவற்றையும் சேர்த்துக்கொண்டார். அவர் தம் பயிற்சியைத் துறந்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

நடைமுறையில், சிலேட்டும் பலப்பமும் வாங்குங்கள். எப்படியும் அழிக்கப்போகிறோம் என்று தெரிந்தால் கை தானாகவே தளர்கிறது. பழக்கமில்லாத கையால் வரைந்தால், அழகாக வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பே எழாது. சில வாரங்களுக்கு எதையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். பார்வையாளர் ஒருவர் வந்துவிட்டால், மதிப்பெண்ணும் கூடவே வந்துவிடும்.