வாசகர் கேட்டவை: பழைய வீடும் ரகசிய வழியும்

கேள்வி: பத்து வயதான என் மகள், ஆங்கிலச் சிறுவர் கதை எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் நாவல்களை நூலகத்திலிருந்து எடுத்து வந்து படிக்கிறாள். பல கதைகளில் ஒரு பழைய வீடும் அதற்குள் ஒரு ரகசிய வழியும் வருகின்றன. இப்போது தாத்தா வீட்டுச் சுவர்களையெல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இங்கிலாந்தில் உண்மையிலேயே இத்தகைய வீடுகள் இருந்தனவா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இருந்தன, சில இன்றும் இருக்கின்றன. முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சியில் 1585இல் இயற்றப்பட்ட சட்டம், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று வந்த கத்தோலிக்கக் குருமார் இங்கிலாந்தில் தங்குவதையே ராஜத் துரோகமாக்கியது. அவர்களுக்கு இடம் கொடுப்பவர்களும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. ஆகவே கத்தோலிக்கக் குடும்பத்தினர் தங்கள் மாளிகைகளில், படிக்கட்டுக்கு அடியிலும் கணப்பு அடுப்பின் பின்னாலும், ஓர் ஆள் ஒடுங்கிக் கிடக்கக்கூடிய மறைவிடங்களை அமைத்தார்கள். சோதனைக்கு வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், பலகைகளைப் பெயர்த்தார்கள், அறைகளின் உள்ளளவையும் வெளியளவையும் ஒப்பிட்டார்கள். தாத்தா வீட்டில் உங்கள் மகள் நடத்துவது பழைய அரசாங்க வேலைதான்!

இந்த மறைவிடங்களை அமைத்தவர்களில் பெயர் பெற்றவர் நிக்கோலஸ் ஓவன் என்னும் தச்சர். குள்ளமான உருவம் கொண்ட அவர், வேலைக்காரர்களுக்கும் தெரியாதபடி இரவில் தனியாக வேலை செய்தார். 1606இல் பிடிபட்டு, லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தபோதும், எந்த வீட்டில் எந்தச் சுவர் திறக்கும் என்று அவர் வாய் திறக்கவில்லை. வுஸ்டர்ஷயர் மாவட்டத்திலுள்ள ஹார்விங்டன் ஹால் என்ற மாளிகையில், அவர் கைவண்ணம் என்று கருதப்படும் மறைவிடங்களைப் பார்க்கலாம். அவற்றுள் ஒன்றில், சுவரோடு சுவராக நிற்கும் ஒரு மரத்தூண் அச்சில் சுழன்று வழிவிடுகிறது. அந்த மாளிகை பாழடைந்து கிடந்த காலத்தில், உள்ளே சுற்றித் திரிந்த சிறுவர்கள்தாம் அதைக் கண்டுபிடித்தார்கள் என்பதை உங்கள் மகளிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஆனால், செங்கல் வைத்து அடைத்த ஜன்னலையெல்லாம் ரகசிய அறையின் அடையாளம் என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல்களை எண்ணி வரி வசூலித்தார்கள். வரிக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக்கொண்டவர்கள் ஏராளம்.

கேள்வி: பழைய வீட்டைத் துருவும் கதைகளில் எதை முதலில் வாங்கித் தரலாம்? பேய் பயம் காட்டும் கதைகள் வேண்டாம்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நான்கு பிள்ளைகளும் டிம்மி என்ற நாயும் வரும், எனிட் பிளைட்டனின் ‘ஃபேமஸ் ஃபைவ்’ வரிசையில், 1942 முதல் 1963 வரை வெளிவந்த 21 நாவல்களுள், இரண்டாவதான ‘ஃபைவ் கோ அட்வென்ச்சரிங் அகெய்ன்’ (1943) என்பதையே நான் சொல்வேன். பண்ணை வீடு ஒன்றில் பிள்ளைகளுக்கு ஒரு பழைய துணித் துண்டு கிடைக்கிறது. அதில் ‘ரகசிய வழி’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களும், எட்டுப் பலகைகளின் படமும், கிழக்கு நோக்கிய அறை, கல் பாவிய தரை என்ற குறிப்புகளும் இருக்கின்றன. பிள்ளைகள் பண்ணை வீட்டையே சலித்துப் பார்த்து ஏமாறுகிறார்கள். அந்த அறை வேறெங்கோ இருக்கிறது. எங்கே என்று நான் சொல்லிவிட்டால் உங்கள் பிள்ளை என்னை மன்னிக்காது. வீட்டின் அமைப்பே புதிராகிவிடுவதால், இதில் பேய்க்கு வேலையே இல்லை. ஒரே ஒரு குறை: சமையலும் ஒழுங்குபடுத்தும் வேலையும் ஆன் என்ற சிறுமியின் தலையிலேயே விழுவது இந்த வரிசை முழுக்கத் தொடர்கிறது. படிக்கும் பிள்ளையிடம் அதைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: என் மகன் பள்ளி ஆண்டு மலருக்கு இத்தகைய கதை ஒன்று எழுத விரும்புகிறான். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: கட்டம் போட்ட தாளில் வீட்டின் வரைபடத்தை முதலில் போடச் சொல்லுங்கள். அறைகளின் நீளத்தைக் கூட்டினால் வெளிச்சுவரின் நீளத்தைவிட நாலடி குறைய வேண்டும். அந்த நாலடியை யார், யாருக்குப் பயந்து மறைத்தார்கள் என்பதை அவன் முடிவு செய்த பிறகு, முதல் வரியை எழுதட்டும்.