பிள்ளைகளுக்கு ஃப்ளொஸ் செய்வதை விளையாட்டாக மாற்றுவது எப்படி?

4 வயது மகனும் 7 வயது மகளும் பல்லிடுக்கைத் துப்புரவாக்கும் ஃப்ளொஸ் நூலைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட அதே வயதில் இரண்டு பேர். இருப்பது விசுவமடுவில். எங்களுக்குச் சரிவந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வேலையைச் சின்னதாக்குங்கள். வாய் முழுக்க நூல் போடத் தேவையில்லை. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்கும் பற்களுக்கு நடுவில் போட்டால் போதும். 4 வயதில் முன்பற்களுக்கிடையே பெரும்பாலும் இடைவெளி இருக்கும், அங்கே பிரஷே போய்விடும். நெருக்கமாக இருப்பவை ஒவ்வொரு பக்கத்திலும் பின்னால் உள்ள இரண்டு கடைவாய்ப் பாற்பற்கள்தான். மேலே இரண்டு பக்கம், கீழே இரண்டு பக்கம், ஆக நாலே நாலு இடம். மூத்தவளுக்கு அந்தப் பாற்பற்களுக்குப் பின்னால், ஆறு வயதளவில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல்லும் வந்திருக்கும். அவளுக்கு எட்டு இடம். எந்தப் பல்லும் விழாமலே அது முளைப்பதால் நிறையப் பேர் அதையும் பாற்பல் என்று நினைத்துக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பல்லைத் தேடிப் பாருங்கள், அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல்.

நூல் எதற்கு என்று வாயால் விளக்கினால் பிள்ளைக்கு ஏறாது. ஒரு பழைய சீப்பை எடுத்து, ரொட்டிக்குக் குழைத்த மாவில் கொஞ்சத்தை அதன் இடுக்குகளில் அப்புங்கள். பழைய பிரஷ் ஒன்றைக் கையில் கொடுத்துத் துப்புரவாக்கச் சொல்லுங்கள். மேலே உள்ளது போகும், இடுக்கில் உள்ளது அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு நூலைக் கொடுங்கள். என் மகன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஒவ்வோர் இடுக்காக நூலை இறக்கி மாவை வழித்து எடுத்தான். முடித்துவிட்டு, "அம்மா, என்ர பல்லுக்குள்ளயும் இப்பிடி இருக்கோ?" என்று கேட்டான். பிள்ளை இப்படிக் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எங்கள் வீட்டில் நன்றாக எடுபட்டது ஏ9 (கண்டி-யாழ்ப்பாணம் வீதி) பஸ் விளையாட்டு. சின்னவனுக்கு நாலு தரிப்பிடம்: வவுனியா, மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி. மூத்தவளுக்கு ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், பரந்தனும் சேர்த்து எட்டு. ஒருவர் படுத்து வாயைத் திறந்தால் மற்றவர்தான் கண்டக்டர். நான் நூலை இறக்கும்போது ஊர்ப் பெயரைக் கூவி, "இறங்கிறாக்கள் இறங்குங்கோ!" என்று சொல்ல வேண்டும். முறிகண்டி வந்தால் கொஞ்சம் கூடுதலாக நிற்போம், பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்காமல் எந்த பஸ் போகிறது? வாயைத் திறந்து வைத்திருப்பவரால் பேச முடியாது என்பதால், தன் முறை முடிந்து கண்டக்டராக வேண்டும் என்ற அவசரத்திலேயே பிள்ளை ஒழுங்காகப் படுத்திருக்கும். உங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கமான பாதையை வைத்துக்கொள்ளுங்கள், மல்லாவிப் பக்கம் என்றால் மல்லாவி, துணுக்காய் என்று போகலாம்.

நூலில் வந்ததைக் கட்டாயம் காட்டுங்கள். கச்சான் தோல், இறைச்சி நார், பனம்பழத் தும்பு, எது வந்தாலும் அது அவர்களுக்குப் பெரிய வேட்டை. பரிசு, டொபி எதுவும் தேவைப்படாது. பனம்பழக் காலத்தில் பழக்கத்தைத் தொடங்கினால் இன்னும் நல்லது. தும்பு மாட்டிக்கொண்டு பிள்ளைகளே எடுத்துவிடச் சொல்லி வருவார்கள்.

செய்யும் விதம் இதுதான். பாயில் படுக்க வைத்துத் தலையை உங்கள் மடியில் வையுங்கள், போன் வெளிச்சம் போதும். மெழுகு பூசிய ஃப்ளொஸ் இலகுவாக வழுக்கி இறங்கும். அரிவது போல மெல்ல முன்னும் பின்னும் அசைத்து இறக்குங்கள். டக்கென்று அழுத்தினால் முரசு (ஈறு) வெட்டுப்படும், அடுத்த நாள் பிள்ளை வாயைத் திறக்காது. இறங்கியதும் நூலைப் பல்லின் பக்கத்தோடு அணைத்து மேலும் கீழும் தேயுங்கள், பிறகு அதே இடத்தில் பக்கத்துப் பல்லையும். மூத்தவள் தானே செய்ய ஆசைப்பட்டால் ஓர் அடிக்குக் கொஞ்சம் குறைவான நூலை வளையமாக முடிந்து கொடுங்கள், சின்னக் கைக்குப் பிடிக்கச் சுகம். பிடியுள்ள பிளாஸ்டிக் ஃப்ளொஸும் நல்லதுதான். ஊர்க் கடைகளில் கிடைக்காவிட்டால் டவுன் பாமசியில் கேளுங்கள். தையல் நூல் வேண்டாம்.

ஆனால் பிள்ளை தானே செய்தது போதும் என்று விட்டுவிடாதீர்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், பயிற்சி பெற்றவர்கள் பள்ளி நாட்களில் தங்கள் கையால் ஃப்ளொஸ் செய்துவிட்ட பிள்ளைகளுக்குப் பல்லிடைச் சூத்தை சுமார் 40 வீதம் குறைந்திருந்தது. தாங்களே செய்துகொண்ட பிள்ளைகளிடம் அந்தப் பலன் தெரியவில்லை. எனவே பத்து வயதளவு வரை பெரியவர் கை கட்டாயம் வேண்டும். புளோரைட்டுப் பற்பசையால் இரண்டு வேளை பல் தீட்டுவதுதான் முதல் வேலை, நூல் அதற்கு அடுத்தது.

வீட்டில் பெரியவர்கள் "விழப்போற பல்லுத்தானே" என்பார்கள். எங்கள் அம்மம்மாவும் சொன்னா, ஈர்க்கை முறித்துக் குத்திவிடவும் வந்தா. கடைவாய்ப் பாற்பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை என்றும், சூத்தை வந்து முன்னரே பிடுங்கினால் பக்கத்துப் பல் சரிந்து, புதுப்பல் முளைக்க இடமில்லாமல் போகும் என்றும் சொன்ன பிறகுதான் ஈர்க்கைக் கீழே போட்டா.

முதல் சில நாட்கள் இலேசாக இரத்தம் கசியலாம், பயந்து நிறுத்தாதீர்கள். ஒன்றிரண்டு கிழமைக்கு மேலும் கசிந்தாலோ, ஒரே இடத்தில் நூல் ஒவ்வொரு முறையும் பிசிறி அறுந்தாலோ, அங்கே சூத்தை தொடங்கியிருக்கக்கூடும். ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்கில் அந்த இடத்தைச் சொல்லிக் காட்டுங்கள்.