கிளாரன்ஸ் டாரோ வழக்கறிஞரா, சட்டமன்ற உறுப்பினரா?

இரண்டும்தான். ஆனால் இரண்டாவது ஒரே ஒரு தவணை: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலக் கீழவையில் 1903 முதல் 1905 வரை. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் என்றால் நம் ஊர் எம்.எல்.ஏ. போலத்தான், வாஷிங்டனில் உட்காரும் நாடாளுமன்ற உறுப்பினர் அல்ல.

ஏன் அதோடு விட்டார்? அவருடைய பலம் வேறு இடத்தில் இருந்தது என்பதுதான் என் கணிப்பு. சட்டமன்றம் என்பது ரெடிமேடு சட்டை தைக்கிற இடம். ஒரே அளவு, எல்லோருக்கும். நீதிமன்றம் அந்தச் சட்டையை எதிரே நிற்கும் ஆளுக்கு ஏற்பப் பிடித்தும் பிரித்தும் தருகிற தையல்கடை. டாரோ இரண்டாவது கடைக்காரர்.

1924இல் சிகாகோவில் லியோபோல்ட், லோப் என்ற இரு பணக்கார இளைஞர்கள் 14 வயதுப் பையனைக் கொன்றார்கள். ஊரே தூக்குக் கேட்டது. டாரோ மரண தண்டனையை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர். அந்த இளைஞர்களின் வழக்கறிஞராக வந்த அவர், அவர்களைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லிவிட்டார்! அப்படிச் செய்தால் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்கள் குழு, கிடையாது, தண்டனையை நீதிபதி ஒருவரே முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு பேர் சேர்ந்து தூக்குச் சொல்வது சுலபம், தனியாளாகச் சொல்வது கஷ்டம் என்பது அவர் கணக்கு. அப்புறம் மணிக்கணக்கில் வாதாடினார். கிடைத்தது ஆயுள் தண்டனையும் கூடுதலாக 99 ஆண்டுகளும்.

அடுத்த ஆண்டு டென்னசி மாநிலத்தில், தடையை மீறிப் பள்ளியில் பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததாக ஓர் ஆசிரியர் மேல் நடந்த வழக்கில் அவர் ஜெயித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, அவர் யாருக்காக வாதாடினாரோ அந்த ஆசிரியர் ஸ்கோப்ஸுக்கு 100 டாலர் அபராதம் விழுந்தது, 1927இல் மேல்முறையீட்டில் நடைமுறைப் பிழையால்தான் அது ரத்தானது.