‘சம்பளம் வாங்காமல் விளையாடினால் தப்பில்லை’ என்பது உண்மையா?

கேள்வி: நான் தூத்துக்குடி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மகன் அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் எம்.எஸ். டேட்டா சயின்ஸ் இரண்டாம் வருடம் படிக்கிறான். நல்ல கோல்கீப்பர். அங்குள்ள உள்ளரங்கக் கால்பந்து லீக்கின் இரண்டாம் பிரிவு அணி ஒன்று இந்தச் சீசனுக்கு அவனைக் கேட்கிறது. சம்பளம் இல்லை, ஆட்டத்துக்கு 75 டாலர் பெட்ரோல் காசு மட்டும் தருவார்களாம். இதற்கு ஏற்பாடு செய்த நம்மூர்த் தம்பி ஒருவர், “சம்பளம் வாங்காவிட்டால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. வேண்டுமானால் சி.பி.டி. (படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலைக்கான அனுமதி) பேப்பர் போட்டுத் தருகிறேன்” என்று 1,800 டாலர் கேட்கிறார். டிசம்பரில் சீசன் தொடங்குகிறது. சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. மகன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போட வேண்டாம். போட்டுவிட்டார் என்றால், ஒரு நிமிடம்கூட மைதானத்தில் இறங்கும் முன் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

பையன்களைக் கிரவுண்டில் வளர்த்தவர் நீங்கள். கால்பந்து உங்களுக்கு விளையாட்டு. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்துக்கு அது சில இடங்களில் விளையாட்டு, சில இடங்களில் வேலை. எது எங்கே என்பதைப் புரிந்துகொள்ள இந்த லீக் எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

அங்கே உள்ளரங்கத் தொழில்முறைக் கால்பந்து 1978இல் மேஜர் இண்டோர் சாக்கர் லீக் தொடங்கிய காலத்திலிருந்து நடக்கிறது. அந்த லீக் 1992இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ லீக்குகள் வந்தன, போயின. இப்போது முதல் நிலையில் இருப்பது மேஜர் அரீனா சாக்கர் லீக். 2014 முதல் இந்தப் பெயர். பால்டிமோர் பிளாஸ்ட், மில்வாக்கி வேவ், சான் டியேகோ சாக்கர்ஸ் போன்ற அணிகள் இதில் ஆடியவை. ஐஸ் ஹாக்கி அரங்கில் செயற்கைப் புல் விரித்து, சுற்றிலும் பலகைச் சுவர் வைத்து ஆடுவார்கள். கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர். பந்து சுவரில் பட்டுத் திரும்பி வரும், ஆட்டம் நிற்காது. நீல அட்டை காட்டினால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அந்த நேரம் எதிரணிக்குப் பவர் பிளே, அதாவது ஓர் ஆள் கூடுதல். உங்கள் மகன் மாதிரி கோல்கீப்பருக்கு இது தனிப் பரீட்சை. வெளி மைதானத்தில் கோலுக்கு வெளியே போன பந்தை மறந்துவிடலாம். இங்கே அது பலகையில் மோதி மறு விநாடியே காலடிக்கு வந்து நிற்கும். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆசையில் தவறே இல்லை.

ஆனால் சீசன் என்றால் என்ன? டிசம்பர் வாக்கில் தொடங்கி வசந்தம் வரை போகும். முதல் பிரிவில் அண்மைக் காலத்தில் ஒரு அணிக்கு 24 லீக் ஆட்டங்கள், அதன்பின் பிளே-ஆஃப். இரண்டாம் பிரிவில் குறைவு. எந்தப் பிரிவானாலும் அணி ஒரு நிறுவனம். டிக்கெட் விற்கிறது, ஸ்பான்சர் பிடிக்கிறது, இணையத்தில் நேரலை போடுகிறது. அந்த நிறுவனம் விற்கும் பொருளே உங்கள் மகன் தடுக்கும் பந்துதான். அதனால் அது வேலை.

‘சம்பளம் இல்லை’ என்ற பேச்சுக்கு இப்போது வருகிறேன். மாணவர்களிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது நான் கேட்கும் பேச்சு இது. ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. குடிவரவு விதி ‘சம்பளம்’ என்ற ஒரு சொல்லோடு நிற்கவில்லை, ‘அல்லது வேறு பிரதிபலன்’ என்றும் சொல்கிறது. 75 டாலர் பெட்ரோல் காசு, வெளியூர் ஆட்டத்தில் ஹோட்டல் அறை, சாப்பாட்டுப் படி, இலவச பூட்ஸ் என்று எதை வேண்டுமானாலும் அதில் சேர்க்கலாம். சரி, அந்த 75ஐயும் வாங்காமல் இருந்தால்? அப்போதும் தப்பிக்க முடியாது. லாபத்துக்கு நடக்கும் தனியார் நிறுவனத்தில் ஒருவர் ‘தொண்டு’ செய்ய அமெரிக்கத் தொழிலாளர் சட்டமே இடம் தருவதில்லை. அதே அணியில் இன்னொரு கோல்கீப்பருக்குக் காசு கொடுக்கிறார்கள் என்றால், உங்கள் மகன் நிற்கும் இடம் கூலிக்குரிய இடம். கூலி வாங்காமல் நின்றாலும் அது வேலைதான்.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் தரகர்கள் இதைத்தான் திரித்துச் சொல்கிறார்கள். அணியில் எல்லோரும் உண்மையான அமெச்சூர் என்றால் ஆடலாம். எல்லோரும் என்றால் எல்லோரும்தான். ஒருவருக்கும் ஒரு டாலர் கிடையாது. பதிலுக்கு ஆடுகிறவர்களே கையிலிருந்து அரங்க வாடகைக்குப் பணம் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு அரங்கை எடுத்து ஆடும் லீக்குகள் அங்கே ஊருக்கு நாலு இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குள் நடக்கும் இன்ட்ராமுரல் போட்டிகளும் அப்படியே. அங்கே மகன் மனநிறைவாக ஆடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

சிக்கல் நடுவில் நிற்கும் அணிகளால் வருகிறது. இரண்டாம் பிரிவில் எல்லா அணிகளும் ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் பகலில் வேறு வேலை பார்க்கும் அமெச்சூர்கள், மீதிப் பேருக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று காசு. “அங்கே நிறைய பேர் சும்மாதான் ஆடுகிறார்கள்” என்று தரகர் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அந்த நிறையப் பேர் அமெரிக்கக் குடிமக்கள். சும்மா ஆடினாலும் காசுக்கு ஆடினாலும் அவர்களைக் கேட்க ஆள் இல்லை. உங்கள் மகனுக்கு அப்படி இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ‘என் மகனுக்குக் காசு உண்டா’ என்பதில்லை. ‘இந்த அணியில் யாருக்காவது காசு உண்டா, நுழைவுச்சீட்டு விற்கிறார்களா, கையெழுத்துப் போடும் தாளில் ஒப்பந்தம் என்ற சொல் இருக்கிறதா’ என்று கேட்க வேண்டும். மூன்றில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் விலகிவிடச் சொல்லுங்கள். உங்கள் கடிதப்படி அணியே 75 டாலர் தருவதாகச் சொல்லிவிட்டது. ஆக விதிவிலக்குக்கு இங்கே வேலையே இல்லை.

‘யாருக்குத் தெரியப் போகிறது’ என்று மகன் சொல்லலாம். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவரின் கதையைச் சொல்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு அமெரிக்கா திரும்பினார். விமான நிலையத்தில் அதிகாரி ஐ-20 தாளை, அதாவது பல்கலைக்கழகம் தரும் மாணவர் தகுதிச் சான்றைப் பார்த்தார், பிறகு கணினியில் எதையோ தேடினார், திரையை அவர் பக்கம் திருப்பினார். அணியின் பக்கம் அது. 14ஆம் எண் சட்டை, இவருடைய முழுப்பெயர், சிரித்த முகம். கீழே மூன்று கோல், இரண்டு நிமிடத் தண்டனை என்று கணக்கு. “இது யார்?” என்று மட்டும் கேட்டார். அந்த மாணவர் வாங்கியது மொத்தமே 400 டாலர் இருக்கும். விசாவில் ரத்து முத்திரை விழுந்தது, அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். ஒரு செமஸ்டர்தான் பாக்கி இருந்தது.

லீக் ஆட்டம் என்பது ஒளித்து வைக்கக்கூடிய வேலை இல்லை ஐயா. ஓட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவினால் யாரும் வீடியோ எடுப்பதில்லை. இங்கே ஒவ்வொரு தடுப்பும் பெயரோடு பதிவாகிறது. முதல் பிரிவில் மெக்ஸிகோ அணிகளும் ஆடியிருக்கின்றன. 2023, 2024 இரு வருடமும் கோப்பையை எடுத்தது சிவாவா சாவேஜ் என்ற மெக்ஸிகோ அணி. அப்படி ஒரு வெளியூர் ஆட்டத்துக்கு எஃப்-1 மாணவர் அணியோடு எல்லை தாண்டினால், திரும்பும்போது எதற்காகப் போனீர்கள் என்ற கேள்விக்குக் கையில் இருக்கும் கிட் பையே பதில் சொல்லிவிடும்.

மாட்டினால் என்ன ஆகும் என்பதிலும் ஒரு கசப்பான விஷயம் இருக்கிறது. எஃப்-1 மாணவர் பாடச்சுமையைக் குறைத்துவிட்டார், தேதியைத் தவறவிட்டார் என்பது போன்ற பிழைகளுக்கு, இழந்த மாணவர் நிலையை மீட்டுத் தரச்சொல்லி விண்ணப்பம் போடலாம். அனுமதி இல்லாமல் வேலை செய்தவருக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும். மீட்பு விதியிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. பாடத்தைத் தவறவிட்டவனுக்கு இருக்கும் மன்னிப்பு, பந்தைப் பிடித்தவனுக்கு இல்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் விதி இதுதான்.

இப்போது அந்த 1,800 டாலர். சி.பி.டி. என்பது பாடத்திட்டத்தின் அங்கமாக இருக்கும் பயிற்சி வேலை. அதை அனுமதிப்பது பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இருக்கும் டி.எஸ்.ஓ. என்ற அதிகாரி மட்டுமே. அவர் புது ஐ-20இல் பதிந்து தருவார். வெளியாள் யாரும் ‘பேப்பர் போட்டு’ வாங்கித்தர முடியாது. டேட்டா சயின்ஸ் பாடத்திட்டத்தில் கோல்கீப்பிங் எங்கே வருகிறது? அந்தத் தம்பி இரண்டில் ஒன்றைத்தான் செய்வார். அணியில் ‘டேட்டா அனலிஸ்ட்’ என்று பொய்யாக ஒரு கடிதம் வாங்கி டி.எஸ்.ஓ.வை ஏமாற்றச் சொல்வார். அல்லது முதல் நாளிலிருந்தே சி.பி.டி. தரும் ஏதோ ஒரு கல்லூரிக்கு மகனை மாற்றச் சொல்வார், அங்கே அவருக்குக் கமிஷன் இருக்கும். இரண்டிலும் கையெழுத்து உங்கள் மகனுடையது, பொய்க்குப் பொறுப்பும் அவருடையது. தம்பியின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. ரசீது கேட்டுப் பாருங்கள். ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று வாட்ஸாப்பில் ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எல்லோரும் நம்மூர்க்காரர்கள், எல்லோரும் ‘தம்பி’, ‘அண்ணன்’, எல்லோருக்கும் பயிற்சியாளரை நேரில் தெரியும். இந்த லீக் அணிகள் வழக்கமாகத் திறந்த தேர்வு நடத்துகின்றன. அறிவிப்பு அணியின் பக்கத்திலேயே வரும், கட்டணம் இருந்தால் அணிக்கே நேராகக் கட்டலாம். நடுவில் ஒருவர் தேவையே இல்லை. தேவையில்லாத இடத்தில் ஒருவர் நின்றுகொண்டு காசு கேட்டால் அவர் விற்பது உங்கள் பயத்தை. இன்னொன்றையும் கவனியுங்கள். ‘நவம்பருக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும்’ என்று அவசரப்படுத்துவார்கள். நல்ல கோல்கீப்பரை எந்த அணியும் 1,800 டாலருக்காக விடாது.

அப்படியானால் நேர்வழி என்ன? பி-1ஏ (P-1A) என்ற விளையாட்டு வீரர் விசா. அதற்கு மனுப் போடுவது அணியின் வேலை, வீரர் தானாகப் போட முடியாது. சர்வதேச அளவில் பெயர் பெற்றவராக இருக்க வேண்டும். அல்லது ஆறு அணிகளுக்குக் குறையாமல், கூட்டு வருமானம் வருடத்துக்கு 1 கோடி டாலரைத் தாண்டும் லீக்கிலோ, அதோடு இணைந்த சிறு லீக்கிலோ ஆட அழைக்கப்பட்டவராக இருக்க வேண்டும். பார்த்தீர்களா ஐயா? நட்சத்திரத்துக்கு வழி இருக்கிறது, பெரிய லீக்குக்கு வழி இருக்கிறது. பகலில் படித்துவிட்டுச் சனிக்கிழமை இரவில் ஆட நினைக்கும் திறமையான பையனுக்கு ஒரு சின்ன வழிகூட வைக்கவில்லை. பல வருடமாக இந்த விதிகளோடு மல்லுக்கட்டுகிறேன், இந்த இடத்தில் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. நேர்வழி இல்லாத இடத்தில்தான் தரகன் கடை போடுகிறான்.

அணிக்கு மகன் மேல் உண்மையிலேயே விருப்பம் இருந்தால், ‘எனக்கு பி-1ஏ மனுப் போடுவீர்களா?’ என்று அவரே கேட்கட்டும். வழக்கறிஞரோடு பேசுகிறோம் என்றால் நல்லது. சிரித்து மழுப்பினால் அவர்களுக்கு வேண்டியது இலவச ஆள். படிப்பு முடிந்த பிறகு கிடைக்கும் ஓ.பி.டி. என்ற பயிற்சி வேலை அனுமதியில் ஆடலாமே என்ற யோசனையும் வேண்டாம், அந்த வேலையும் படித்த துறையோடு நேரடித் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். மகன் டி.எஸ்.ஓ.வுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். அணியின் பெயர், அவர்கள் தருவதாகச் சொன்ன 75 டாலர், இன்னும் ஆடவில்லை என்பது, ஆடலாமா என்ற கேள்வி, இவை நான்கும் அதில் இருந்தால் போதும். பதில் எழுத்தில் வர வேண்டும், தொலைபேசியில் வாங்கக்கூடாது. அடுத்தது, அந்தத் தம்பிக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், திருப்பிக் கேட்டு எழுத்திலேயே செய்தி அனுப்புங்கள். மகனின் பாஸ்போர்ட், ஐ-20 நகல்கள் அவரிடம் இருந்தால், அவற்றை எதற்கும் பயன்படுத்த அனுமதி இல்லை என்று அதே செய்தியில் தேதி போட்டுச் சொல்லிவிடுங்கள்.