முதலில் சாவியைக் கேளுங்கள்

கேள்வி: ஐயா, நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் தரையில் போட்ட கறுப்புக் கோட்டின் மேலேயே ஓடும் ரோபோ செய்து, சேலத்தில் நடந்த போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினார்கள். கபடியில் ஜெயித்தவர்களுக்கு வாசலில் பேனர் கட்டினார்கள். இவர்களுக்குப் பிரேயரில் ஒரு வார்த்தை இல்லை. மாணவர்கள் தாங்களே கருவிகள் செய்து பழக மத்திய அரசு மானியத்தில் அமைத்த அடல் லேப் இருந்தும் நாலேகாலுக்குப் பூட்டிவிடுகிறார்கள். பிள்ளைகள் சோர்ந்துபோயிருக்கிறார்கள். தலைமை ஆசிரியரிடம் என்ன கேட்பது?

பதில்: டீச்சர், முதலில் உங்கள் ஆறு பிள்ளைகளுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பேனரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லேப் சாவியைக் கேளுங்கள்.

அதையும் வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள். "செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் ஐந்தரை வரை லேப் வேண்டும், நான் கூடவே இருப்பேன்" என்று எழுதுங்கள். மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு, யார் ஏற்றிவிடுவார்கள் என்பதையும் அதே தாளில் போடுங்கள். லித்தியம் செல்லைச் சார்ஜில் விட்டுவிட்டு லேப்பைப் பூட்ட மாட்டோம் என்று ஒரு வரி சேருங்கள். பிள்ளைகள் பத்திரமாக வீடு சேர வேண்டுமே, லேப்பில் தீப்பிடித்துவிடக் கூடாதே என்ற பயத்தால்தான் தலைமை ஆசிரியர்கள் பெரும்பாலும் தயங்குகிறார்கள். நானும் அந்த நாற்காலியில் இருந்தவன்.

பணம் இல்லை என்றால், அடல் லேப் திட்டத்தை நினைவுபடுத்துங்கள். ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். அதில் 10 லட்சம் லேப் அமைக்க, மீதி ஐந்து ஆண்டுகள் நடத்த. பூட்டி வைப்பதற்கு யாரும் அதைக் கொடுக்கவில்லை.

சரி, பிரேயர். பாராட்டிப் பேசச் சொல்வதைவிட ரோபோ வண்டியை ஓட்டிக் காட்டுங்கள். ஆனால் மைதானத்தில் வேண்டவே வேண்டாம். வெயிலில் உள்ள அகச்சிவப்புக் கதிர், அதே வகைக் கதிரால் கோட்டைக் கண்டறியும் ஐஆர் சென்சாரைக் குழப்பிவிடும். கறுப்பு எது, வெள்ளை எது என்று தெரியாமல் வண்டி கோட்டை விட்டு ஓரமாகப் போய்விடும், பிள்ளைகள் எல்லார் முன்னாலும் கூனிக்குறுகி நிற்பார்கள். ஹாலில், ஜன்னலை அடைத்துவிட்டு, வெள்ளைச் சார்ட்டுகளை ஒட்டிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் பாதை போடுங்கள். சேலத்திலிருந்து உங்கள் ஊருக்கு ஏறுகிற 20 கொண்டை ஊசி வளைவுகளையே போடலாமே! ஆறாம் வகுப்பை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அடுத்த அணி அங்கிருந்துதான் வரப்போகிறது.

இன்னொன்று, இது என் சொந்தத் தவறு. பல வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளி அணி பரிசு வாங்கியபோது, மேடையில் வண்டியை இயக்கிய இரண்டு பையன்கள் பெயரை மட்டும் வாசித்தேன். ராத்திரி உட்கார்ந்து அத்தனை ஒயரையும் சால்டர் செய்த பெண் ஆறாவது வரிசையில் கைதட்டிக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவள் லேப் பக்கம் வரவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது. அமெரிக்காவில் டீன் கேமன் 1989-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் ரோபோ போட்டிகளில்கூட, மிக உயர்ந்த விருது களத்தில் ஜெயித்ததற்காக மட்டும் தரப்படுவதில்லை. அணி எப்படிச் சேர்ந்து உழைத்தது, மற்றவர்களுக்கு என்ன செய்தது என்றும் பார்க்கிறார்கள்.

அதனால் அறிவிப்புப் பலகையில் ஆறு பெயரும் வரட்டும். பெயருக்கு நேரே வேலையும் வரட்டும்: புரோகிராம் எழுதியது யார், மோட்டார் பூட்டியது யார், நோட்டில் ஒவ்வொரு தோல்வியையும் குறித்துவைத்தது யார். கடிதத்தைக் காலாண்டுத் தேர்வுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். தேர்வு வந்துவிட்டால் யார் காதிலும் ஏறாது.